எங்க இருக்கீங்க, சொல்லுங்க

அப்பாவின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "அப்போ கடை போன்ல யார் பேசறது?" என்பதுதான். அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் ஈரமில்லாமல் கேட்கவில்லை. பெரிய செய்தி வந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் சின்னக் கேள்வியாகத்தான் கேட்போம். நானும் ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை கொண்டுபோக வேண்டுமா என்று கேட்டேன். அப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஏற்கெனவே உப்புத்தாளால் தேய்த்தது போல் ஆகியிருந்த குரலில், "டீ போடு" என்றார்.

எங்களுடையது பூட்டு சாவிக் கடை. கீழே கடை, மேலே வீடு. பகலில் நான் கடையில் உட்கார்ந்து மாற்றுச் சாவி வெட்டிக் கொடுப்பேன். மாலையில் அலுவலக நிர்வாக வகுப்புக்குப் போவேன். அப்பாவும் அண்ணனும் வெளியே போய், பூட்டிக்கொண்ட கதவுகளைத் திறப்பார்கள். கடைக்கு ஒரே ஒரு செல்போன். ஷட்டரில் எழுதியிருப்பதும், ஊரில் பாதிக் கதவுகளில் ஒட்டியிருப்பதும் அந்த எண்தான். ஒரு வீட்டிலிருந்து அப்படியே அடுத்த வீட்டுக்குப் போக வசதியாக, அந்தப் போன் எப்போதும் வேலைக்குப் போகிறவரோடு போகும். டிரில் ஓடும்போது மணி அடித்தால் கேட்காது. அழைப்பு, பீப் அடித்ததும் செய்தி சொல்லி வைக்கும் வாய்ஸ் மெயிலுக்குப் போய்விடும். அங்கே போன் கம்பெனிக்காரி ஒருத்தி, நீங்கள் அழைத்த வாடிக்கையாளர் தற்போது பதிலளிக்கும் நிலையில் இல்லை என்பாள்.

"நிலையில் இல்லைன்னா என்ன அர்த்தம்? குடிச்சிட்டுக் கிடக்கறேன்னு நினைச்சுக்க மாட்டாங்களா?" என்று அப்பா அவளோடு தீராத பகை வைத்திருந்தார்.

அந்தப் பகையைச் சாக்காக வைத்துத்தான் நான் பேச்சை எடுத்தேன். "அவளைத் தூக்கிட்டு உங்க குரலையே பதிவு பண்ணி வச்சிடலாம்ப்பா." அப்பாவின் குரல் எங்காவது ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதை நேராகச் சொல்ல வாய் வரவில்லை.

அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. "வாத்தியாரம்மா சொன்னா அப்பீல் ஏது?" என்றார். எதையும் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு செய்வதால் அவர் எனக்கு வைத்த பெயர் அது.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் காலை, மேலே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். நான் வகுப்பில் கொடுத்த மாதிரியைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். ஜன்னல்களைச் சாத்தினேன். மின்விசிறியை நிறுத்தினேன். என் போனை ஒரு தம்ளரில் சாய்த்து வைத்துப் பதிவை அழுத்தினேன். அப்பா தாளைத் தூரப் பிடித்து, கோர்ட்டில் சாட்சி சொல்பவர் போல் படித்தார். "தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்." அங்கேயே நிறுத்திவிட்டார்.

"யாருக்கு முக்கியம்? தெருவுல நிக்கறவனுக்குத்தானே முக்கியம். நமக்கென்ன, நாம வீட்டுக்குள்ள இருக்கோம்."

அம்மா சமையலறையிலிருந்து, "அவரைப் படிக்க விட்டா இப்படித்தான். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாலே இரங்கல் சேதி மாதிரி படிப்பார்" என்றாள்.

"உன் பத்திரிகையைத்தானே சொல்றே? அது இரங்கல் சேதிதான்."

அம்மா கரண்டியால் பாத்திரத்தின் விளிம்பில் ஒரு தட்டு தட்டினாள். அதுதான் அவள் சிரிப்பு.

அப்பா தாளைத் திருப்பி வைத்தார். பிறகு விரல் முட்டியால் மேசையில் இரண்டு முறை தட்டினார். அது அவருடைய பழக்கம். எந்தக் கதவானாலும் கருவியை எடுப்பதற்கு முன் இரண்டு முறை தட்டி, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்பார். வீட்டுக்காரரே பக்கத்தில் நின்று யாரும் இல்லை என்று சத்தியம் செய்தாலும் கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். மேசையைத் தட்டியதும் அவர் முகம் மாறியது. எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரை, பதறிப்போய் நிற்கும் ஓர் ஆளைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"சாவிக் கடைதான் பேசறேன். உள்ள யாராவது இருக்காங்களா?"

காலண்டர் பதில் சொல்லும் வரை காத்திருந்தார். தலையாட்டினார்.

"அடுப்பு ஏதாவது எரியுதா?"

மறுபடியும் காத்திருந்தார்.

"பதறாதீங்க. பூட்டுல கத்தி, ஊசி எதையும் விட்டுத் திருகாதீங்க. எங்க இருக்கீங்க, சொல்லுங்க."

இந்த முறை காத்திருப்பு நீளமாக இருந்தது. யாரோ தெருப் பெயரையும் அடையாளத்தையும் சொல்லி முடிக்க எவ்வளவு ஆகுமோ அவ்வளவு.

"சரி. வர்றேன்."

பதிவை நிறுத்த எனக்குக் கை வரவில்லை. கொஞ்ச நேரம் வெறும் அறையின் சத்தமும் பதிவானது.

அந்தப் பதிவை வைத்து இரண்டு வடிவங்கள் செய்தேன். ஒன்றில் இடைவெளிகளை வெட்டி, பேச்சை அடுத்தடுத்து ஒட்டினேன். இன்னொன்றை அப்படியே விட்டு, கடைசியில் வந்த வெறும் சத்தத்தை மட்டும் எடுத்தேன். இரண்டையும் மேசையில் வைத்துப் போட்டுக் காட்டினேன். வெட்டியதைக் கேட்டதும் அம்மா முகத்தைச் சுளித்தாள். "யாரோ நாயை ஏவிவிட்ட மாதிரி ஓடறார். இவர் எங்க இப்படிப் பேசுவார்?" மற்றதைக் கேட்டபோது அவள் கையில் இருந்த துணியால் மேசையின் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இதுதான்" என்றாள். அண்ணனும் இதுதான் என்றான். எனக்கு ஏதோ ஒன்று சரியில்லை என்று பட்டது. எனக்கு எதைச் செய்தாலும் அப்படிப் படும் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடை போனில் வாய்ஸ் மெயில் அமைப்பைத் திறந்தேன். கம்பெனியின் குரல், பெயர் மட்டும், சொந்தப் பதிவு என்று மூன்று வழிகள் இருந்தன. மூன்றாவதைத் தொட்டு, அப்பாவின் பதிவைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தேன். சோதித்துப் பார்க்க என் போனிலிருந்து கூப்பிட்டேன். பிறகு அம்மாவும் தன் போனிலிருந்து கூப்பிட்டாள். கடை போன் எங்கள் நடுவில் மேசை மேல் அடித்து ஓய்வதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா போனைக் காதில் வைத்தபடி எதிரில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"எடுத்துப் பேசற மாதிரியே இருக்குங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா கழுத்தில் ஒரு துளையோடு திரும்பி வந்தார். இனி மூச்சு அந்த வழியாகத்தான். அதன் மேல் மெல்லிய துணி ஒன்றைக் கட்டியிருப்பார். புண் ஆறிய பிறகு குரலுக்குக் கருவி ஏதாவது பார்க்கலாம், அதுவும் எல்லோருக்கும் ஒத்துவராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை எழுதிக் காட்ட அண்ணன் சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் வாங்கி வந்தான்.

அந்தப் பலகையால் வீட்டில் தினமும் சண்டை. அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதற்கு முன் கண்ணாடியைத் தேட வேண்டும். கண்ணாடி கிடைத்து அவள் முதல் சொல்லுக்கு வருவதற்குள் அப்பா பலகையைத் துடைத்துவிட்டு அடுத்ததை எழுதிவிடுவார். பேச்சில் அத்தனை பொறுமையாக இருந்தவர் எழுத்தில் அப்படி ஓர் அவசரக்காரர் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"நான் படிக்கறதுக்குள்ள அழிச்சா நான் எதைன்னு படிக்கறது? ரயில்ல போறப்ப ஸ்டேஷன் பேர் படிக்கற மாதிரி இருக்கு" என்பாள் அம்மா.

அப்பா பலகையில் ஒரு ரயிலை வரைந்து காட்டினார். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவள் பலகையைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். வேளாவேளைக்கு சூப், மாத்திரை, துணி மாற்றுவது எல்லாம் பிசகாமல் செய்தாள். ஆனால் வீட்டுக்கு வந்த பெரிய மனிதரைக் கவனிப்பது போல் செய்தாள். செய்துவிட்டு சமையலறைக்குள் போய்விடுவாள். அவள் குரலுக்குப் பதில் வராத அறையில் அவளால் நிற்க முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது.

கடை வேலை நிற்கவில்லை. போன் இப்போது அண்ணனோடு போனது. மாலையில் அவன் வாய்ஸ் மெயிலை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பான். சில நாட்களிலேயே ஒரு விசித்திரம் தெரிந்தது. அழைப்புகள் நிறைய வந்தன. செய்திகள் குறைவாக இருந்தன. இருக்கிற செய்திகளும் அரைகுறையாக இருந்தன.

"சரிங்கண்ணே, சீக்கிரம் வாங்க" என்றது ஒரு குரல்.

"எங்கடா வர்றது?" என்று அண்ணன் போனைப் பார்த்துக் கேட்டான். "வீடு எங்கன்னு சொல்லாம சீக்கிரம் வாங்கன்னா, நான் என்ன மோப்பம் பிடிச்சா வர்றது?"

"வாசல்லயே நிக்கறேங்க, சிவப்புச் சட்டை" என்றது இன்னொன்று.

"சிவப்புச் சட்டையாம். போய் ஊர்ல எல்லாச் சிவப்புச் சட்டையையும் கூட்டிட்டு வா" என்றான் என்னிடம். நாங்கள் சிரித்தோம். அவன் அந்த எண்களைத் திருப்பிக் கூப்பிடுவான். பெரும்பாலும், வர்றேன்னு சொல்லிட்டு வரலியே, வேற ஆளைக் கூப்பிட்டாச்சு என்று திட்டிவிட்டு வைப்பார்கள். ஆட்கள் பொறுமை இல்லாமல் ஆகிவிட்டார்கள் என்று அண்ணன் சொன்னான். அவர்கள் சொன்னதை நாங்கள் சரியாகக் காதில் வாங்கவில்லை. அப்பா வர்றேன் என்று சொல்வது எங்களுக்குப் பதிவு என்று தெரியும். தெரியாத ஒருவர் அதை எப்படிக் கேட்பார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மதியத்தில் அண்ணன் கடையிலேயே சாப்பிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, போனை அணைத்துவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வான். அந்த நேரத்தில் நான் மேலே சாப்பிடப் போவேன். ஒருநாள் படியேறும்போது சமையலறையில் அம்மா யாருடனோ பேசுவது கேட்டது. சித்தியாக இருக்கும் என்று நினைத்தேன்.

"யாரும் இல்ல" என்றாள். சற்றுப் பொறுத்து, "அணைச்சுட்டேன், அணைச்சுட்டேன். நீங்க ஒண்ணு" என்றாள். பிறகு சின்னக் குரலில், "நான் எங்க இருப்பேன்? இங்கதான் இருக்கேன்."

அவள் போனிலிருந்து வந்த குரல் வாசல் வரைக்கும் கேட்டது. சரி. வர்றேன்.

அம்மா பீப் சத்தம் வருவதற்குள் அழைப்பைத் துண்டித்தாள். நான் சத்தமில்லாமல் பின்வாங்கி முன்னறைக்குப் போனேன். அங்கே அப்பா இருந்தார். எப்போதும் ஜன்னலோரம் இருக்கும் நாற்காலியை அவர் சமையலறைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தார். கண்களை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா மறுபடியும் எண்ணை அழுத்தியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் விரல் நாற்காலிக் கையில் இரண்டு முறை தட்டியது. உதடுகள் அசைந்தன.

நான் சாப்பிடாமல் கீழே போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா, கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை.

புண் ஆறியதும் அப்பா காலையில் கடைக்கு வர ஆரம்பித்தார். ஓர் ஓரமாக உட்கார்ந்து, நான் வெட்டிய சாவிகளின் பிசிறுகளை அரத்தால் தேய்ப்பார். அப்படி ஒரு காலையில் அந்தப் பெண் வந்தாள். தையல் ஆலையின் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. கையெல்லாம் கரி. கடைக்குள் வந்ததும் நேராக அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்கதானே பூட்டுக்காரர்?"

அப்பா தலையாட்டினார்.

"நேத்து வர்றேன்னு சொன்னீங்களே. ஏன் வரல?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் இயந்திரத்தை நிறுத்துவதற்குள் அவள் கொட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"குப்பை கொட்ட வெளிய வந்தேன். காத்துல கதவு அறைஞ்சு பூட்டிக்கிச்சு. கதவுல ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து உங்களைத்தான் கூப்பிட்டேன். உள்ள யாராவது இருக்காங்களான்னு கேட்டீங்க. மாமியார் இருக்காங்க, எழுந்து நடக்க மாட்டாங்கன்னு சொன்னேன். அடுப்பு எரியுதான்னு கேட்டீங்க. பால் வச்சிருக்கேன்னு சொன்னேன். தெருப் பேரு, வீட்டு அடையாளம் எல்லாம் ஒண்ணு விடாமச் சொன்னேன். சரி, வர்றேன்னு சொன்னீங்க. நீங்க அவ்வளவு தெளிவாக் கேட்டதால நான் வேற யாரையும் கூப்பிடல. பதறாதீங்கன்னு சொன்னதால பதறக்கூட இல்ல. வாசல்ல நின்னு தெருமுனையப் பார்த்துக்கிட்டே இருந்தேன். பின்னாடி புகை வர்றதைப் பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்துக் கதவை உடைச்சாங்க. மாமியார் இப்ப ஆஸ்பத்திரியில மூச்சு விட முடியாமக் கிடக்கறாங்க."

அப்பாவின் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது.

"வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன்! நேத்து மட்டும் அப்படிப் பேசினீங்க!"

நான் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். "அக்கா, அது பதிவு. போன்ல பதிவு பண்ணி வச்சது. அப்பாவால பேச முடியாது."

"நான் பேசினேன்மா. அவர் பதில் சொன்னார்."

அப்பா கழுத்துத் துணியை விலக்கினார். அவள் பார்த்தாள். பிறகு சாவி வெட்ட வருகிறவர்கள் காத்திருக்கும் முக்காலியில் அப்படியே உட்கார்ந்தாள். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் கரிக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியாதுங்க" என்று அவரிடம் மன்னிப்புக் கேட்பது போல் சொல்லி அழுதாள். அவள் திட்டியதைப் பொறுத்துக்கொண்ட அப்பாவால் இதைத் தாங்க முடியவில்லை. எழுந்து, சுவரில் தொங்கிய கருவிப் பையை எடுத்தார். அண்ணனையும் அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய், உடைத்த கதவைச் சரிசெய்து புதுப் பூட்டுப் போட்டுவிட்டு வந்தார். அந்த மாமியார் பிழைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் வீட்டுக்கும் வந்துவிட்டார். ஆனால் அதைக் கேள்விப்படுகிற வரை அப்பா சூப்பைத் தொட்டுவிட்டு நகர்த்திவிடுவார்.

அன்று மாலை நான் வகுப்புக்குப் போகவில்லை. கடை போனை அணைத்துவிட்டு, என் போனிலிருந்து கூப்பிட்டு, பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிறவளாக நினைத்துக்கொண்டு கேட்டேன். கேள்விக்குப் பதில் சொன்னேன். எங்க இருக்கீங்க, சொல்லுங்க என்றபோது முகவரியைச் சொன்னேன். சரி, வர்றேன் என்றார் அப்பா. எனக்கே போனை வைத்துவிடத் தோன்றியது. அதற்கு அப்புறம்தான் பீப் வந்தது. கூப்பிட்டவர் சொல்வது அங்கேதான் பதிவாகத் தொடங்குகிறது. சொன்ன முகவரியெல்லாம் அதற்கு முன்பே காற்றில் போய்விட்டது.

மேலே போய் எல்லோரிடமும் விளக்கினேன். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "சிவப்புச் சட்டைக்காரன்" என்றான். பிறகு, "இன்னிக்கே மாத்திடு" என்றான்.

"வேண்டாம்" என்றாள் அம்மா.

"அம்மா, ஒரு உயிர் போகப் பார்த்தது."

"அதான் போகலியே. இடைவெளிதானே பிரச்சனை? அதை வெட்டிட்டு இவர் குரலையே வை. முதல்லயே ஒண்ணு வெட்டி வச்சியே."

"அதுலயும் கடைசியா வர்றேன்னுதாம்மா சொல்றார்" என்றேன். "அந்தப் பதிவு என்கிட்ட பத்திரமா இருக்கும்மா. உங்க போன்லயும் போட்டுத் தர்றேன். எப்ப வேணும்னாலும் கேட்கலாம்."

"அது இவர் எப்பவோ பேசினது. எனக்கு எதுக்கு?" அம்மாவின் குரல் ஏறியது. "இதுல நான் கூப்பிட்டா இவர் எடுக்கறார். உள்ள யாராவது இருக்காங்களான்னு என்னைக் கேட்கறார். எனக்கு யார் இருக்காங்க கேட்க? நீங்க ரெண்டு பேரும் காலைல கீழ போனா, நான் இந்த வீட்டுல சுவத்தைப் பார்த்துப் பேசணுமா?"

அண்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது. யாரும் அப்பாவைப் பார்க்கவில்லை. அவர் அந்த நாற்காலியில்தான் இருந்தார்.

பேனா பலகையில் உரசும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து வந்து அம்மாவின் முன் பலகையைப் பிடித்தார். அம்மா கண்ணாடியைத் தேடினாள். அது நெற்றியிலேயே இருந்தது. இறக்கிப் போட்டுக்கொண்டாள். அப்பா பலகையைத் துடைக்கவில்லை. கை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் உதட்டை அசைத்து, எழுத்து எழுத்தாக, முழுவதையும் படித்து முடிக்கும் வரை நின்றார்.

நான் வராத இடத்துக்கு அது வர்றேன்னு சொல்லுது. மாத்தச் சொல்லு.

"சரி" என்றாள் அம்மா. கண்ணாடியைக் கழற்றிவிட்டு சமையலறைக்குப் போனாள்.

புதிய பதிவில் என் குரல்தான் இருக்க வேண்டும் என்று அப்பா என்னைச் சுட்டிக் காட்டினார். என் குரல் எனக்கே பிடிக்காது. மூக்கில் தண்ணீர் போனவள் பேசுவது போல் இருக்கும். மறுநாள் காலை அதே மேசை, அதே தம்ளர். "இது பதிவு செய்த குரல்" என்று முதல் வரியை எழுதிக்கொண்டேன். பீப் சத்தத்துக்குப் பிறகு பெயர், முகவரி சொல்ல வேண்டும் என்பது அடுத்தது. அடுப்பு எரிந்தாலும் உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருந்தாலும் எங்களுக்காகக் காத்திருக்காமல் உடனே அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கதவை உடைக்கச் சொல்வது கடைசி. அதை அப்பாதான் பலகையில் எழுதிச் சேர்க்கச் சொன்னார். வாழ்நாளெல்லாம் கதவை உடைக்காதீங்க என்று சொன்னவர்.

நான் வரிகளை மாற்றி மாற்றிப் படித்ததில் முதல் சில முயற்சிகள் வீணாயின. அப்பா தொடங்கு என்பதற்கு அடையாளமாக மேசையில் இரண்டு முறை தட்டினார். அந்த முறை குரல் தடைபடாமல் வந்தது. திருப்பிப் போட்டுக் கேட்டபோது, அவர் தட்டியதும் ஆரம்பத்தில் தெளிவாகப் பதிவாகியிருந்தது.

"இது இருக்கட்டுமாப்பா?" என்று கேட்டேன். இருக்கட்டும் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அப்பா இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு இரண்டு விரல்களைக் கத்தரிக்கோல் போல் அசைத்தார். வெட்டினேன். சொந்தப் பதிவு என்பதைத் தொட்டு, புதியதைத் தேர்ந்தெடுத்தேன். பழையது நீக்கப்படும், தொடரவா என்று கேட்டது. அப்பா தானே விரலை நீட்டி அழுத்தினார்.

அன்று மதியம் நான் மேலே போகவில்லை. கடையிலேயே ரொட்டியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வழக்கம் போல் போனை அணைத்துவிட்டுக் கண்ணயர்ந்தான். எழுந்து போனைப் போட்டதும் ஒரு செய்தி காத்திருப்பதாகக் காட்டியது.

"அம்மா நம்பர்" என்றான்.

ஸ்பீக்கரில் போட்டான். முதலில் ஒன்றும் இல்லை. தூரத்தில் குழாய் சொட்டும் சத்தம். அம்மா என் குரலைக் கேட்டதும் அழைப்பைத் துண்டிக்காமலே கையைத் தாழ்த்தியிருக்க வேண்டும். பீப் அடித்து, பதிவு தொடங்கியிருக்கிறது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஏதோ பாத்திரம் நகர்ந்தது.

பிறகு மரத்தில் இரண்டு தட்டுகள். சமையலறைக் கதவு நிலை.

குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் கையைக் காட்டினேன்.

"யாரும் இல்ல" என்றது அம்மாவின் குரல்.

இடைவெளி. கேட்க முடியாத கேள்விக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு.

"அணைச்சாச்சு."

இடைவெளி. அதில் மூச்சுச் சத்தம் ஒன்று கேட்டது. வாய் வழியாக வரும் மூச்சு இல்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இப்போது பழகிவிட்ட, துணிக்குப் பின்னாலிருந்து வரும் அந்த மூச்சு.

"நான் எங்க இருப்பேன்? இங்கதான் இருக்கேன்" என்றாள் அம்மா. குரல் பாதியில் உடைந்தது.

அதற்குப் பிறகு வர வேண்டிய சொல் வரவில்லை. நானும் அண்ணனும் அதற்காகக் காத்திருந்தோம். அம்மாவும் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். மூச்சுச் சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. போனுக்குப் பக்கத்தில் வந்தது. நாற்காலியோ முக்காலியோ தரையில் இழுபட்டது.

"இவ்வளவு மெதுவா வந்தா எந்தக் கதவைத் திறக்கறது நீங்க?" என்றாள் அம்மா. பிறகு அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியிலும் அழாதவள். அதற்கு நடுவில் செய்தியின் நேரம் முடிந்து பதிவு நின்றுவிட்டது.

அண்ணன் போனை வெறித்துப் பார்த்தான். சேமிக்கவா, அழிக்கவா என்று திரை கேட்டது. அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இத்தனை நாளா எத்தனை மெசேஜ் கேட்டோம்" என்றான். "இன்னிக்குத்தான் ஒருத்தங்க எங்க இருக்கோம்னு ஒழுங்காச் சொல்லியிருக்காங்க."

அவன் எதையும் அழுத்தாமல் போனை என்னிடம் கொடுத்தான். அது எங்களுக்கு வைத்த செய்தியா என்று எனக்குத் தெரியவில்லை. அழிப்பது தப்பாகவும் இருக்கலாம். ஆனாலும் அழி என்பதைத் தொட்டேன். பிறகு ஷட்டரை முழுவதும் தூக்கிவிட்டோம். சாவி வெட்ட ஒருவர் வெளியே காத்திருந்தார். மேலே போக வேண்டும் போலத்தான் இருவருக்கும் இருந்தது. மாலை வரை யாரும் போகவில்லை.